முந்திக்கு என்ன நிறம்?

சேவூர், ஆரணி
8-9-2024

அன்பு மகள் லாவண்யாவுக்கு,

அப்பா பரசுராமன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு தறியும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. காட்டில் மழை எப்படி, அட்டை கடிக்கிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அவள் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

உன் போனுக்குப் பதில் போட்டேன். ஒரு டிக்கோடு நிற்கிறது. கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. மழை பிடித்துவிட்டால் டவர் விழுந்துவிடும், அப்புறம் அரிசி பருப்பு ஏற்றி வரும் ஜீப்பில் வாரம் ஒருமுறை தபால் மட்டும்தான் பூச்சி எண்ணும் முகாமுக்கு வரும் என்று ஆடி மாதம் அம்மாவிடம் சொன்னாயாமே, அதை நம்பித்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு இத்தனை வரி இப்போதுதான் எழுதுகிறேன். தப்பிருந்தால் சிரித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பூச்சிப் படம் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. ஒரு வார்த்தை கிடையாது, வெறும் படம். எட்டு மாதமாக அம்மாவிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்த மகள் எனக்கென்று அனுப்பிய முதல் சேதி. தறியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்து வெயிலில் நின்று பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது கண்ணு. வார்த்தை தேவைப்படவில்லை.

தை மாதம் நீ கோபித்துக்கொண்டு வால்பாறை கிளம்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நான் கடைசியாகச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். கோபம் ஆறியதும் முகூர்த்தச் சேலைக்கு உடல், பார்டர், முந்தி, மூன்றுக்கும் நிறம் அனுப்பு, அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நீ கண்ணாடியை இழுத்து மூடினாய். மூடினாலும் காதில் விழுந்திருக்கிறது. காலேஜில் படிக்கும்போதே மீன்கொத்தி, மாந்தளிர், வண்டின் முதுகு என்று கண்ணில் பட்ட நிறத்தையெல்லாம் எனக்குப் படம் பிடித்து அனுப்புவாய், நான் சாயக்காரரிடம் காட்டி நூலில் கொண்டுவருவேன். அந்த மீன்கொத்திச் சேலையை இன்றைக்கும் கேட்டு வருகிறார்கள். அந்தப் பழக்கத்திலேயே சம்மதத்தையும் அனுப்பிவிட்டாய். கெட்டிக்காரி.

நிறம் எடுத்துவிட்டேன். இறக்கை கரும்பச்சை. அதில் அரிசியை நொய்யாக்கித் தூவியதுபோல் சந்தன நிறப் புள்ளிகள். அது சேலை உடல். தலையிலிருந்து குச்சிபோல் நீட்டிக்கொண்டு ஒரு மூக்கு இருக்கிறதே, அதன் நுனிச் சிவப்பு பார்டருக்கு. நம் ஊர் அரக்கு இல்லை அது, அதைவிடக் கொஞ்சம் தெளிவு. உடலையும் பார்டரையும் தனித்தனி நாடாவில் நெய்து கோர்வை போட்டால் பச்சையும் சிவப்பும் எடுப்பாக நிற்கும். நிற விஷயத்தில் நீ என் பெண்தான். ஆனால் முந்தி என்ன நிறம் என்று தெரியவில்லை. பூச்சி இறக்கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவது நிறம் உள்ளே இருக்கிறதா, இல்லை என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாயா? அதை மட்டும் எழுது.

உன் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம்தான், வேறென்ன. உடனே தனகோடி வீட்டுக்குச் சொல்லிவிடலாம், நம் சேலையை எடுக்கும் கடைக்காரர் சம்பந்தி ஆகப்போகிறார் என்று நான் சட்டையை மாட்டினேன். அவளுக்கு அதற்குள் கோபம். "இன்னா அவசரம் உங்களுக்கு? எதுக்கு அனுப்பினான்னு தெரிஞ்சிகினு போங்க" என்றாள். தெரிந்துகொண்டுதானே போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தனகோடிக்கு நிலை கொள்ளவில்லை. பெண் சம்மதித்துவிட்டாள் என்றதும் அன்றைக்கே ஜோசியரிடம் போய்த் தை மாதத்தில் இரண்டு தேதி குறித்து வந்துவிட்டார். அவர் மகன் கிரணும் பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வருகிறானாம்.

அந்தப் பையனைப் பற்றி நீ அன்றைக்குச் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பேசிப் பழகட்டும் என்று மாடிக்கு அனுப்பினால், பத்து நிமிஷத்தில் அவன் உன்னிடம், பெங்களூரில் மூன்று வருஷமாக ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறேன், அப்பாவிடம் சொல்லத் தைரியம் இல்லை, நீயே என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடு என்றானாம். கேட்கிறவன் கேனையனா? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நான் தனகோடியிடமே விசாரித்தேன். அவர் சிரித்தார். கிரணிடம் போனில் கேட்டேன். அவனும் இல்லை என்றான். பிறகு நான் என்ன செய்ய? நம் வீட்டில் யாராவது அளந்துவிட்டால் "படவேட்டுக் கதை" என்போமே, அதைத்தான் அன்றைக்கு உன்னிடமும் சொன்னேன். அதற்கு நீ மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறுவாய் என்று நினைக்கவில்லை. போகட்டும். கல்யாணம் என்றால் எந்தப் பெண்ணுக்கும் ஒரு பயம் வரும், ஏதோ சொல்வாள். அதை நான் மறந்தாகிவிட்டது, நீயும் மற.

புதன்கிழமை பட்டு சாயத்துக்குப் போகிறது. நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
பரசுராமன்

---

சேவூர், ஆரணி
29-9-2024

அன்பு லாவண்யா,

முதல் கடிதம் வந்ததா இல்லையா தெரியவில்லை. வந்திருந்தால் அதைப் படித்துவிட்டு என்ன நினைத்தாயோ அதுவும் தெரியவில்லை. இந்த மூன்று வாரமாக எனக்குத் தெரியாத விஷயங்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஒவ்வொன்றாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் உன் அம்மா. பாவு பிணைத்துத் தறியை ஏற்றிவிட்டேன். கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? நான் உடலுக்கு நாடா விட்டால் மறுபக்கம் உட்கார்ந்து பார்டருக்கு நாடா விட ஒரு ஆள். இருபத்தாறு வருஷமாக அந்த ஆள் உன் அம்மாதான். இந்தச் சேலைக்கு உட்கார மாட்டேன் என்கிறாள். முழங்கால் வலியா என்றால் இல்லை. ஆள் கூப்பிடட்டுமா என்றால், "உங்க பொண்ணு முகூர்த்தச் சேலைக்குக் கூலி ஆளா?" என்கிறாள். இந்தப் பக்கமும் இடி, அந்தப் பக்கமும் இடி, மத்தளம் நான். பச்சை நூலும் சிவப்பு நூலும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கின்றன.

நிறம் சரியாக வரவேண்டும் என்று படத்தை முதலில் சாயக்காரரிடம் காட்டினேன். அவர் கரும்பச்சையில் நான்கு நூல் போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாபா பூச்சி இது, கடிக்குமா?" என்றார். பக்கத்து வீட்டில் ஒருவர் இது வெட்டுக்கிளியில் ஒரு ஜாதி என்றார். இன்னொருவர் விஷம், தோட்டத்தில் வந்தால் மருந்து அடிக்க வேண்டும் என்றார். போனில் படத்தைப் போட்டால் அதுவே பெயர் சொல்லும் என்று தெருவில் ஒருவர் செய்துகாட்டினார். முதல் தடவை தாய்லாந்துக் காட்டுப் பூச்சி என்றது. இன்னொரு தடவை போட்டால் காதில் மாட்டும் தொங்கட்டான் விற்கும் கடையைக் காட்டியது. நல்ல பேஜார்.

சின்னப் புள்ளிகளைப் புட்டாவாகப் போடலாம் என்று ஒரு யோசனை. ஜக்கார்டுக்கு டிசைன் வரையும் துர்காவைத் தெரியும்தானே, பெரிய கடைத்தெரு மாடியில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாளே, அவளிடம் போனேன். அவள் படத்தைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனாள். பூச்சி என் உள்ளங்கை அளவு ஆனது. அப்புறம் திரை முழுக்க ஆனது. திடீரென்று நிறுத்தினாள். மூக்கு நுனிக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ தெரிகிறது என்றாள். நான் மரப்பட்டையில் வெயில் என்றேன். இன்னும் பெரிதாக்கினாள். மஞ்சள் கயிறு. அதன் முனையில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டுகிற மரத்தொட்டில், அதில் பாதி. "இது காடு இல்லீங்கண்ணா. கோயில் மரமாச்சே" என்றாள்.

வால்பாறைக் காட்டுக்குள் ஆள் நுழையாத இடத்தில் பூச்சி எண்ணுகிறேன் என்றுதானே சொன்னாய். அங்கே தொட்டில் கட்ட யார் வருகிறார்கள்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. "உங்களுக்குத்தானே அனுப்பினா, நீங்களே கண்டுபுடிங்க" என்றாள். அவளுக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் வேளாண்மை அலுவலகத்துக்குப் போனேன். பட்டு நெய்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று வாசலில் எல்லாரும் பார்த்தார்கள். சரண்யா என்று ஒரு பெண் அதிகாரி, உன்னைவிட நான்கைந்து வயது பெரியவளாக இருப்பாள். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கங்க பாத்தீங்க இத?" என்று என்னையே கேட்டாள். இதன் பெயர் லாந்தர் பூச்சியாம். ஈயும் இல்லை, வெட்டுக்கிளியும் இல்லை, மரத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிக் கூட்டமாம். கடிக்காது, விஷம் இல்லை. மூக்கில் விளக்கு எரியுமா என்று கேட்டேன். சிரித்தாள். எரியவே எரியாதாம். எந்தக் காலத்திலோ வெளிநாட்டில் யாரோ இந்த ஜாதிப் பூச்சி ராத்திரியில் வெளிச்சம் விடும் என்று புத்தகத்தில் எழுதிவிட்டார்களாம். படித்தவர்களெல்லாம் நூறு வருஷத்துக்கு மேல் அதை நம்பினார்களாம். பெயர் அப்படியே நின்றுவிட்டது. பார்க்காமலே நம்புவார்களா என்றேன். "சொல்றவங்க பெரிய ஆளா இருந்தா நம்பிடுவாங்க சார்" என்றாள்.

பிறகு எங்கே இருக்கும் என்று கேட்டேன். மலைக்காட்டில்தான் அதிகம், ஆனால் அடர்ந்த காடுதான் வேண்டும் என்று கிடையாது, அதற்கு வேண்டியது அதற்குப் பிடித்த மரம் என்றாள். பட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, இது பெருமரம் மாதிரி இருக்கிறது, தீக்குச்சிக்கு வெட்டுவார்களே அந்த மரம் என்றாள். மழைக்குப் பிறகு அடிமரத்தில் ஆள் உயரத்திலேயே வந்து உட்காருமாம். இந்தப் பக்கத்தில் எங்கே என்றால், ஜவ்வாது மலை அடிவாரத்தில் தேடிப் பாருங்கள் என்றாள்.

ஜவ்வாது மலை அடிவாரம், தொட்டில் கட்டிய மரம், அம்மன் கோயில். பஸ்ஸில் வரும்போது ஒன்றாகக் கூட்டிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் படவேடுதான் வருகிறது.

படவேடு நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். நீ அங்கே வந்தாயா? வந்துவிட்டு வீட்டு வாசலை மிதிக்காமலே திரும்பிப் போனாயா? அப்படியென்றால் இது நிறம் காட்ட அனுப்பிய படம்தானா? பார்டரும் உடலும் எடுத்து, சாயம் போட்டு, தேதி குறித்து, அங்கே தனகோடி மண்டபத்துக்குச் சொல்லிவிட்டார். எனக்குத் தலை சுற்றுகிறது. நூலில் சிக்கு விழுந்தால் நுனி எங்கே என்று தேடி எடுத்துவிடுவேன். இதில் நுனியே கிடைக்கவில்லை.

நீ வேறு யாருக்கோ அனுப்பவேண்டியதைத் தவறி எனக்கு அனுப்பிவிட்டாயோ என்றுகூட நேற்று நினைத்தேன். அப்படி இருக்கக்கூடாது என்று சாமி கும்பிட்டேன். நிறமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்பியதாக இருக்கட்டும்.

ஒரே ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது. உடம்பைப் பார்த்துக்கொள், அங்கே சளி பிடித்தால் சுலபத்தில் விடாது.

உன் அப்பா,
பரசுராமன்

---

சேவூர், ஆரணி
15-10-2024

என் கண்ணு லாவண்யா,

ஆயுத பூஜை முடிந்தது. தறிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை படைத்தோம். அதற்கு மறுநாள் படவேட்டுக்குப் போனேன். அம்மாவும் வந்தாள். கூப்பிடாமலே புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ்ஸில் நான் முன்னால், அவள் பெண்கள் பக்கம்.

ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டுத் தொட்டில் கட்டிய மரம் எங்கே என்று விசாரித்தோம். கோயிலைத் தாண்டி மலைப்பக்கம் போகும் மண்பாதையில், வாழைத் தோட்டத்து ஓரமாக இருக்கிறது என்றார்கள். அந்தத் தோட்டம் சுப்பன் என்பவருடையது. அவர் மனைவி பொன்னியம்மாள் எங்களைப் பார்த்ததும் வாழைக்காய் வாங்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டாள். நான் போனில் பூச்சிப் படத்தைக் காட்டினேன். அவள் பூச்சியைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்தப் பொண்ணோட அம்மா அப்பாவா நீங்க?" என்றாள்.

ஆவணியில் மூன்று நாள் நீ அவர்கள் வீட்டில் தங்கியதை அவள்தான் சொன்னாள். விடிந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவாயாம். கூழ் கொண்டுவந்து கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்து குடிப்பாயாம். முதல் இரண்டு நாள் ஒன்றும் கிடைக்கவில்லையாம். இந்தப் பூச்சிக்கா இவ்வளவு பாடு, எங்களைக் கேட்டால் சொல்லியிருப்போமே, இதை நாங்கள் மூக்கன் என்போம், வருஷா வருஷம் மழை விட்டதும் வரும் என்று சுப்பன் சொன்னாராம். மூன்றாம் நாள் காலையில் நீ சத்தம் போட்டுக் கூப்பிட்டாயாம், இவர்கள் பாம்போ என்று கழியை எடுத்துக்கொண்டு ஓடினார்களாம். படம் பிடித்த கையோடு எனக்கு அனுப்பினாயாம். "எங்கப்பாவுக்கு அனுப்பிட்டேன், அவருக்குப் புரியும்னு சொல்லிச்சுங்க" என்றாள் பொன்னியம்மாள். சுப்பன் என்னைப் பார்த்து, "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

அப்போதுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள். மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறை இருக்கிறது. அதைக் காட்டி, "இங்கதான் பொங்கல் வெச்சோம். அவளுக்கு எட்டு வயசு. இந்த எடத்துலதான் அடிச்சீங்க" என்றாள்.

எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத்தான் வந்தது. ஆடி வெள்ளி. உறவுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், தனகோடி வீடு உட்பட. நீ ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாய், பச்சையாக ஒரு பூச்சி, சிவப்பு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது, வந்து பாரு என்றாய். எழுந்து வந்தேன். மரத்தில் ஒன்றும் இல்லை. இருந்தது இருந்தது என்று நீ அழுதாய். எல்லாரும் சிரித்தார்கள். பொய் சொல்கிற வாய் என்று ஒரு அடி வைத்தேன். அன்றிலிருந்து நீ எதைச் சொன்னாலும் "படவேட்டுக் கதையா?" என்று கேட்டுப் பழகிவிட்டோம். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று மறந்தே போய், நானே ஊரார் பேச்சுபோல் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பதினாறு வருஷம் நீ அதைக் கேட்டுக்கொண்டு இந்த வீட்டில் இருந்திருக்கிறாய்.

பூச்சியைப் பார்த்தேன் கண்ணு. சுப்பன்தான் காட்டினார். என் மார்பு உயரத்தில், பட்டையோடு பட்டையாக உட்கார்ந்திருந்தது. நான் கிட்டப் போனதும் அது பறக்கவில்லை. பக்கவாட்டில் நடந்து மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. நான் அந்தப் பக்கம் போனால் அது இந்தப் பக்கம் வருகிறது. "ஆளு வந்தா சுத்திக்கும்ங்க, அதோட கொணம் அது. மறுபக்கம் ஒருத்தர் நிக்கணும்" என்றார் சுப்பன். அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கும். மரத்தைச் சுற்றி நான்கு அடி வைத்திருந்தால் பார்த்திருப்பேன். அந்த நான்கு அடி நடக்க எனக்குச் சோம்பல். உன்னை அடிக்க மட்டும் கை வந்தது.

சுப்பன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்றோம். சின்னப் பூச்சிதான், கட்டைவிரல் அளவு. படத்தில் இருந்ததைவிடப் பச்சை ஆழம். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. திடீரென்று விசுக்கென்று தத்தி எகிறியது. ஒரு நொடி உள்ளிறக்கை தெரிந்தது, அதற்குள் வாழைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. உன் அம்மா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஆறு வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் சொன்னா என் பேச்சைக் கேட்டு நம்பினதா ஆயிடும். அவ பேச்சை எப்போ நம்புவீங்க?" என்றாள்.

மறுநாள் காலையில் தனகோடி வீட்டுக்குப் போனேன். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன். என்ன காரணம் என்றார். உங்கள் பையனைப் பற்றி என் மகள் ஒன்று சொன்னாள், அது என்னவென்று உங்களிடம் முன்பே கேட்டிருக்கிறேன் என்றேன். அவர் கத்தினார். ஆதாரம் எங்கே என்றார். "எம் பொண்ணு சொன்னா" என்றேன். அவர் சொன்ன வார்த்தைகளை எழுத வேண்டாம். தெருவில் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். இனி என் சேலை அவர் கடைக்குப் போகாது, போக வேண்டியதும் இல்லை. நான் அவசரப்பட்டுச் சம்மதம் சொன்னதால்தான் அவரும் ஊரெல்லாம் சொல்லித் தலைகுனிய நேர்ந்தது. அது என் தப்பு. அதற்கு அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

விஷயம் கேள்விப்பட்டு உன் தருமன் மாமா வந்தார். அவசரப்பட்டு முறித்துவிட்டாயே பரசுராமா, நான் பெங்களூர் போய் அந்தப் பையன் வீட்டு விலாசத்தில் நேரில் பார்த்துவிட்டு வருகிறேன், அக்கம்பக்கத்தில் விசாரித்தால் இரண்டே நாளில் உண்மை தெரிந்துவிடும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். வேண்டாம் என்றேன். தீர விசாரிப்பதே மெய் என்று நீதானே எப்போதும் சொல்வாய் என்றார். பூச்சியைப் போய்ப் பார்த்துத்தான் நம்பினேன், அதற்கே இவ்வளவு வெட்கம். இதையும் போய்ப் பார்த்துத்தான் நம்புவேன் என்றால் நான் அவளுக்கு அப்பா இல்லை, அக்கம்பக்கத்தில் ஒருத்தன் என்றேன். அதனால் யாரும் பெங்களூர் போகவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீ சொன்னது தெரியும்.

அந்த எட்டு வயசு அடிக்கும், தை மாதம் சொன்ன வார்த்தைக்கும் அப்பாவை மன்னித்துவிடு. நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுத்திலேயே இருக்கட்டும்.

சேலையை அறுத்துவிடவில்லை. நேற்று உன் அம்மா தானாக வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள், கோர்வை ஓட ஆரம்பித்துவிட்டது. இது முகூர்த்தச் சேலை இல்லை. எந்த நாளுக்கும் இல்லை. நீ கட்டினால் கட்டு, கட்டாவிட்டால் பெட்டியில் இருக்கட்டும். உன் பூச்சி அதில் இருக்கும், அவ்வளவுதான்.

முந்திக்குத்தான் நிறம் தெரியவில்லை. அந்த உள்ளிறக்கையை நான் பார்த்தது ஒரே ஒரு நொடி. எனக்கு வெளிறிய நீலம் மாதிரி இருந்தது. சுப்பன் வெள்ளை என்கிறார். பொன்னியம்மாள் சிவப்பு என்று அடித்துச் சொல்கிறாள். உன் அம்மா கண்ணில் தண்ணீர் இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை என்கிறாள். சரண்யாவிடம் போய்க் கேட்கலாம், புத்தகம் பார்த்துச் சொல்வாள். போகவில்லை. தறியில் உடல் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. முந்தி தொடங்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன், எத்தனை நாள் ஆனாலும் சரி.

மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தவள் நீ. அது என்ன நிறம் என்று எழுது, இல்லை வந்து சொல். நீ எதைச் சொல்கிறாயோ அதுதான் நிறம்.

உன் அப்பா,
பரசுராமன்